பொறியியல் மேற்படிப்புக்கு யார் காசு தருகிறார்கள், ஏன் தருகிறார்கள்?

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் முடிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இறுதியாண்டிலேயே மேற்படிப்புப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முகவர் நிலையம் ஒன்று சொல்லும், கனடாவில் இருக்கும் சித்தப்பா வேறொன்று சொல்லுவார், முந்தைய பட்ச் அண்ணா இன்னொன்று சொல்லுவார். வீட்டில் கடைசியில் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்குத்தான் வருகிறார்கள். "பட்ச் டொப் இல்லையே, புலமைப்பரிசில் எங்கே கிடைக்கப்போகுது" என்பது ஒன்று. "காணியை வித்தாவது அனுப்புவம்" என்பது மற்றது. பொறியியல் துறைக்குள் காசு எப்படி வருகிறது என்று தெரியாமல் எடுக்கும் முடிவுகள் இவை.

பொறியியலில் மேற்படிப்புக்குக் கிடைக்கும் காசில் பெரும்பகுதி வேலைக்குத் தரும் சம்பளம்தான். யாரோ ஒருவருக்கு ஓர் ஆய்வு நடக்க வேண்டும், அதற்கு ஆள் தேவை, அந்த ஆளுக்குச் சம்பளம் தருகிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் எங்கே விண்ணப்பிப்பது, யாருக்கு எழுதுவது, எந்தக் கடிதத்தை நம்புவது எல்லாம் தெளிவாகும்.

முதலில் படிப்பின் வகை

முதுமாணிப் படிப்பு இரண்டு வகைப்படும். ஒன்று பாடநெறி வழி: வகுப்பு, பரீட்சை, கடைசியில் ஒரு சிறு ஆய்வு. மற்றது ஆய்வு வழி: ஒரு மேற்பார்வையாளரின் கீழ் ஒரே கேள்வியில் ஒன்றரை, இரண்டு வருடம் உழைத்து ஆய்வேடு எழுதுவது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தால் 10, முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12.

காசுக் கணக்கில் இந்த வேறுபாடு பெரியது. பாடநெறி வழி மாணவர் பல்கலைக்கழகத்துக்கு வருமானம். முக்கியமாக பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் வெளிநாட்டு மாணவர் கட்டும் காசில்தான் பல பல்கலைக்கழகங்கள் ஓடுகின்றன. ஆய்வு வழி மாணவர் அங்கே வேலை செய்ய வருகிறவர். அதனால்தான் ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, ஒரே மேசைக்கு இரண்டு பக்கத்தில் ஒருவர் பல இலட்சம் கட்டிக்கொண்டும் மற்றவர் மாதாமாதம் வாங்கிக்கொண்டும் இருக்க முடிகிறது. வாங்குகிறவர் மற்றவரைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. வேறு வாசலால் உள்ளே போனவர், அவ்வளவுதான்.

காசு வரும் நான்கு வழிகள்

1. ஆய்வுத் திட்டத்தின் காசு. பேராசிரியர் ஒருவர் அரசிடமோ நிறுவனமொன்றிடமோ ஆய்வு மானியம் வாங்குகிறார். அந்த மானியத்துக்குள்ளேயே மாணவருக்கான சம்பளமும் கற்கைக் கட்டணமும் ஒதுக்கப்பட்டிருக்கும். இதற்கு எடுக்கப்படுபவர் ஆய்வு உதவியாளர். இங்கே தெரிவு செய்வது குழுவோ தூதரகமோ இல்லை, அந்தப் பேராசிரியர். "இந்தப் பிள்ளை என் ஆய்வுகூடத்தில் ஆறு மாதத்தில் பயன்படுவாரா?" என்பதுதான் அவர் மனதில் இருக்கும் கேள்வி. உங்கள் பட்ச்சில் முதலாவது யார் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவாகத் தேவையும் இல்லை. பொறியியலுக்கு மற்றத் துறைகளைவிட இந்த வழி அகலமாக இருப்பதற்குக் காரணம், மின்சாரம், நீர், போக்குவரத்து, கணினி என்று எல்லாவற்றிலும் ஆய்வுக்குக் காசு போடுகிறவர்கள் இருப்பதுதான்.

2. துறையின் காசு. இளமாணி மாணவருக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது, ஆய்வுகூடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது. இவர் கற்பித்தல் உதவியாளர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பரவலாக உண்டு. அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், உதவியாளர் பதவியும் அதற்குள் அடங்கும்.

3. அரசுகளின் புலமைப்பரிசில். இதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். போட்டி கூடியது, நிபந்தனை கூடியது, ஆனால் பாடநெறி வழிக்கும் முழுச் செலவு கிடைக்கக்கூடிய வழி பெரும்பாலும் இதுதான்.

4. சொந்தக் காசு. குடும்பம், வங்கிக் கடன், வெளிநாட்டு உறவினர், அல்லது வேலை கொடுத்தவர்.

பல்கலைக்கழகங்கள் அனுமதிக் கடிதத்தோடு தரும் பத்து, இருபது சதவீதக் கட்டணக் கழிவை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் மேல் புலமைப்பரிசில் என்று எழுதியிருக்கும், முகவர்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். மீதி எண்பது சதவீதமும் சாப்பாடும் வாடகையும் நாலாவது வழியால்தான் வர வேண்டும் என்பதை அவர்கள் அடுத்த வாக்கியத்தில் சொல்லுவதில்லை.

நாடுகளைப் பிரித்துப் பார்த்தால்

அமெரிக்காவில் முதுமாணிக்குச் சேர்கிற வெளிநாட்டவருக்குக் காசு கிடைப்பது அரிது, கலாநிதிப் படிப்புக்குக் கிடைப்பது வழமை. நான்கு வருடப் பொறியியல் பட்டத்தோடு, முதுமாணி இல்லாமலேயே அங்கே கலாநிதிப் படிப்புக்கு நேரே விண்ணப்பிக்கலாம் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பட்டத்தின் பெறுமதி பற்றிய பயமும் தேவையில்லை: இலங்கை 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடாகியது, அங்கீகரிக்கப்பட்ட நம் பொறியியல் பட்டங்களின் தரத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கின்றன. ஆனால் 2025இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி ஆட்டம் காணத் தொடங்கியதால் பல துறைகள் கலாநிதி மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது இப்போது ஆபத்து.

ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இறுதியிலிருந்து முதுமாணிக்கு அரையாண்டுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். ஒரு யூரோ 350 ரூபா என்று பிடித்தால் 41 இலட்சத்து 66 ஆயிரம். அந்தக் காசு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும், ஆனால் போகமுன் முழுதாகக் கையில் இருக்க வேண்டும். இலவசப் படிப்பு என்று கேட்டு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கலாநிதிப் படிப்பு அங்கே வேறு கதை. நெதர்லாந்து, சுவீடன், நோர்வே போலவே அங்கும் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளத்துக்கு எடுக்கப்படும் ஊழியர். வேலை விளம்பரம் வரும், வேலைக்குப் போல விண்ணப்பிக்க வேண்டும், முதுமாணிப் பட்டம் பெரும்பாலும் கட்டாயம்.

முதுமாணிக்கு முழுச் செலவும் கிடைக்கும் வழிகளில், அனுபவம் இல்லாத புதுப் பட்டதாரிக்கு மிகப் பொருத்தமானது ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும், கற்கைக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். விமானச் சீட்டும் விசாச் செலவும் அந்த 1,400க்குள்தான் என்பதால் முதல் இரண்டு மாதம் இறுக்கமாக இருக்கும். அதற்கு மட்டும் கொஞ்சம் கைக்காசு தேவை.

பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவு தரும். ஆனால் 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் வழங்கும் அபிவிருத்தி சார்ந்த முதுமாணி உதவிக்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும், பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஆக, பட்டம் முடித்த கையோடு இவற்றுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டு மனமுடைவது வீண். வீதி அபிவிருத்தி, நீர்வழங்கல், மின்சாரம் என்று ஏதாவதொரு துறையில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வருகிறவருக்குத்தான் அந்தக் கதவு. பிரித்தானியக் கலாநிதிப் படிப்புக்கு அந்நாட்டு அரச ஆய்வு மன்றங்கள் தரும் இடங்களில் வெளிநாட்டவர் 30 சதவீதம் வரை சேரலாம்.

ஜப்பான் கல்வி அமைச்சின் மெக்ஸ்ட் உதவி கற்கைக் கட்டணம், விமானச் சீட்டு இரண்டையும் ஏற்று மாதம் 1,43,000 யென் தொடக்கம் தருகிறது. கொழும்பிலுள்ள தூதரகம் வழியாக ஒரு பாதை, ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் தன் பல்கலைக்கழகம் ஊடாகப் பரிந்துரைக்கும் பாதை இன்னொன்று. முதலாவதில் பரீட்சையும் நேர்முகமும் உண்டு. இரண்டாவது பாதை மீண்டும் மேலே சொன்ன முதலாம் வழியின் குணம் கொண்டது: பேராசிரியரைத் தேடிப் பிடிப்பதுதான் முழு வேலை.

இந்திய அரசின் மௌலானா அசாத் உதவி இலங்கையருக்கு முதுமாணிக்கென்றே இருக்கிறது. கொழும்பு உயர் ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைப் பார்த்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் கலாநிதி மாணவருக்கு வெளிநாட்டவரானாலும் உள்நாட்டுக் கட்டணமே. தாய்லாந்தின் ஆசிய தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் நீண்ட காலமாகப் படித்து வருகிறார்கள். பகுதி உதவிகள் கிடைக்கும்.

நாட்டுக்குள்ளேயே படிப்பதும் குறைந்த தெரிவல்ல. மொறட்டுவை, பேராதனை முதுமாணிகள் பல வார இறுதியில் நடப்பதால், வேலையை விடாமல் படிக்கலாம். கட்டணத்தைச் சில நிறுவனங்கள் ஏற்கும். இரவு பஸ் எடுத்து விடியக் கொழும்பில் இறங்கி வகுப்புக்குப் போய், ஞாயிறு இரவு திரும்ப ஏறுவது உடம்பை உருக்கும் என்பதும் உண்மை. ஆய்வு வழிக்கு, தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றின் மானியம் பெற்ற விரிவுரையாளரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து முதுதத்துவமாணிக்குப் பதிவது வழமை. சம்பளம் சிறியது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் வரும் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை, பிறகு வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்புக்குக் காசு கேட்கும்போது பெரிய பலம்.

நம் பீடத்துக்கு உள்ள ஒரு தடை

பேராதனையும் மொறட்டுவையும் பல தசாப்தங்களாகப் பட்டதாரிகளை அனுப்பி வருகின்றன. அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ ஆய்வுகூடம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் அங்கிருந்து வந்த மாணவரை ஏற்கெனவே அறிந்திருப்பார். அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கடந்த தசாப்தத்தில்தான் தொடங்கியது. அதன் பெயரை முதல் தடவை கேட்கும் பேராசிரியருக்கு நம்பிக்கை தர வேண்டியது நீங்கள் எழுதும் கடிதம்தான். அந்தக் கடிதத்தைத்தான் நம் பிள்ளைகள் மிக அலட்சியமாக எழுதுகிறார்கள்.

பலர் அனுப்புவது இப்படி இருக்கும்: "மதிப்புக்குரிய ஐயா, சிறுவயதிலிருந்தே எனக்குப் பொறியியலில் ஆர்வம். உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசிலுடன் படிக்க விரும்புகிறேன்." இதையே நூறு பேருக்கு அனுப்புவார்கள். வாசிக்கிறவருக்கு இது விளங்க இரண்டு வினாடி போதும், அழித்துவிடுவார்.

வேலை செய்யும் கடிதம் ஒன்று, நீரை மென்சவ்வால் வடித்துச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. முறை பற்றியது, இப்படிப் போகும்:

"ஆர்.ஓ. மென்சவ்வில் படிவு சேர்வதைக் குறைப்பது பற்றி உங்கள் குழு வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் இருப்பது சுண்ணாம்புக் கல் நிலம். எங்கள் கிணற்று நீர் மிகவும் கடினமானது. இறுதியாண்டுத் திட்டத்தில் அந்த நீரைச் சிறிய ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்தோம், கல்சியம் படிந்து மென்சவ்வு எதிர்பார்த்ததைவிட வேகமாக அடைத்தது. உங்கள் முறை இந்த அளவு கடினத்தன்மையில் தாக்குப்பிடிக்குமா? என் அளவீடுகளை இணைத்துள்ளேன். அடுத்த செப்டெம்பரில் உங்கள் திட்டத்தில் நிதியுள்ள இடம் இருக்கிறதா?"

இதில் பெருமை பேசவில்லை. அவருடைய வேலையை வாசித்ததற்கும், எழுதியவர் தன் கையால் அளந்து பார்த்ததற்கும் சான்று இருக்கிறது. கடைசிக் கேள்வி காசைப் பற்றி நேரே கேட்கிறது. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, பேராசிரியர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். வடக்கில் இப்படிக் கேட்கக்கூடிய கேள்விகள் நிறைய உண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று, கரையோரக் கிணறுகளில் ஏறும் உவர், 2024இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், மன்னாரின் 103.5 மெகாவாட் காற்றாலையை நம் மின்வலையமைப்போடு இணைப்பதில் வரும் சிக்கல். வெளியே இருக்கும் மாணவருக்குக் கிடைக்காத தரவு நமக்கு வீட்டு வளவிலேயே இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டத் தலைப்பை மூன்றாம் வருட முடிவிலேயே இந்தக் கண்ணோட்டத்தோடு தெரிவு செய்கிறவர் பாதித் தூரம் போய்விட்டார்.

காணியில் கை வைக்கமுன் ஒரு கணக்கு

சொந்தக் காசில் படிப்பது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. சில பாடநெறிகள் உண்மையிலேயே நல்ல வேலைக்குக் கொண்டுபோகும், சில குடும்பங்களுக்கு அந்தச் செலவு தாங்கும். ஆனால் பேரன் பேத்திக்கென்று வைத்திருந்த நாலு பரப்புக் காணியை விற்று, நகையை அடகு வைத்து அனுப்புகிற வீடுகள் இங்கே ஏராளம். அவர்கள் மூன்று விடயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

1. நாணய மாற்று. கடன் ரூபாவில், கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. இரண்டாம் வருடக் கட்டணம் 20,000 டொலர் என்றிருந்த ஒரு வீட்டுக்கு, 40 இலட்சம் 72 இலட்சமாகியது. காணியை முதல் வருடத்துக்கே விற்று முடித்தவர்களுக்கு அந்த வருடம் பிள்ளையின் படிப்பை இடைநிறுத்துவதைத் தவிர வழி இருக்கவில்லை.

2. காட்ட வேண்டிய காசு மாறிக்கொண்டிருப்பது. கனடா பல வருடமாக வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனேடிய டொலர்தான் காட்டச் சொன்னது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆகியது, 2025 செப்டெம்பரில் 22,895. கட்டணம் இதற்கு வெளியே. பிரித்தானியாவுக்குக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் காசு இருக்க வேண்டும். வட்டிக்கு எடுத்து 28 நாள் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. விசா கிடைத்தாலும், அந்தப் பிள்ளை இறங்கும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது என்பதுதான் அந்தக் கணக்கின் மறுபக்கம்.

3. பகுதிநேர வேலை. கட்டணத்தைப் பகுதிநேர வேலையால் கட்டலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். பிரித்தானியாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் அனுமதி. சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் அது உதவும்.

பிணை முறி

பல்கலைக்கழக விரிவுரையாளராகவோ அரச ஊழியராகவோ இருந்து படிப்பு விடுமுறையில் போகிறவர் பிணை முறி எழுதிக் கொடுக்க வேண்டும்: இத்தனை வருடம் திரும்பி வந்து வேலை செய்வேன், இல்லையென்றால் இவ்வளவு காசு கட்டுவேன் என்று. கையெழுத்து வைக்கும் பிணையாளர்கள் பெரும்பாலும் மாமாவோ உடன் வேலை செய்யும் நண்பரோ. திரும்பி வராதபோது அறவீட்டுக் கடிதம் அவர்களுக்குத்தான் வரும். பிணை வைக்கச் சொல்லிக் கேட்கும்போதே முறியின் தொகையையும் காலத்தையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது கடமை.

புலமைப்பரிசில்களிலும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் முடித்தவர் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அங்கே வேலை விசாவுக்கோ நிரந்தர வதிவிடத்துக்கோ போகலாம். வெளிநாட்டில் நிலைகொள்ளும் எண்ணத்தோடு இதற்கு விண்ணப்பிப்பவர், முதலிலேயே அதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் கைக்கு வந்த பிறகு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட ஒரு விதிப்படி, நிதி உதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன் முடிவெடுக்கச் சொல்லி நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் அந்த விதியில் கையொப்பமிட்டதா என்று பார்க்கலாம். எந்த நாடானாலும், சம்மதம் எழுதமுன் கடிதத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

1. சம்பளம் 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடை மூன்று மாதம் எதைக் கொண்டு வாழ்வது?
2. கற்கைக் கட்டணம் முழுதாக விலக்கா? விலக்கினாலும் பதிவு, வசதிக் கட்டணங்கள் தனியாக வருமா?
3. மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு?
4. உறுதி எத்தனை வருடத்துக்கு? "முதல் வருடத்துக்கு, பிறகு முன்னேற்றத்தைப் பொறுத்து" என்றால் முன்னேற்றத்தை அளப்பது யார், எப்போது?
5. பேராசிரியரின் மானியம் எப்போது முடிகிறது? அது முடிந்தாலோ அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலோ துறை வேறு வழியில் சம்பளம் தருமா?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். மூன்றாம் வருடம் நடுவில் மானியம் நின்றுபோன மாணவருக்குத் துறை கற்பித்தல் உதவியாளர் இடம் கொடுக்குமா, கொடுக்காதா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். அதை அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இருவரிடம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவார்கள். ஆய்வுக் குழுவின் இணையப் பக்கத்தில் அவர்களின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் இருக்கும்.